மழை விடுமுறை: மதுரையில் பிள்ளைகளோடு வீட்டுக்குள் ஒரு நாள்

விளாங்குடி மாடிவீடு | வியாழன், காலை 7.50

கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டார். நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன், கூடவே என் மாமியார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மதியம் வரை தலை நிமிர முடியாது. போனைக் கையில் கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் இருப்பார்கள்தான். ஆனால் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போடுவார்கள். அது வேண்டாமென்று பார்க்கிறேன்.

வீட்டுக்குள் என்ன செய்ய வைக்கலாம்? மதியத்துக்கு மேல் மழை கொஞ்சம் அடங்கினால், நனையாமல் எங்கே கூட்டிப் போகலாம்? மதுரையில் கோயிலையும் தியேட்டரையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

தல்லாகுளத்தான் | காலை 8.15

முதலில் ஒன்று. காலையில் எங்கேயும் கிளம்பாதீர்கள். விளாங்குடியிலிருந்து ஊருக்குள் வரும் வழியில் ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் நின்றால் வண்டி பாதியில் நின்றுவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சிரமம் வேண்டாம்.

மதியம் தூறலாக மாறினால் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023 ஜூலை 15-ல் திறந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. உங்கள் பையன் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பான், பெண் அலமாரி அலமாரியாகத் தேடுவாள். மாமியாரையும் அழைத்துப் போங்கள், லிஃப்ட் இருக்கிறது. பெரிய நூலகம் என்றாலே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நம் ஊரில் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. குடும்பத்தோடு போய் உட்கார வேண்டிய இடம் அது.

தாயக்கட்டை வாத்தியார் | காலை 8.40

நூலகம் மதியத்துக்கு. காலைக்கு நான் சொல்கிறேன். பள்ளியில் கணக்கு எடுக்கிறவன் நான். மழை நாளுக்குத் தாயத்தை மிஞ்சிய ஆட்டம் கிடையாது என்பது என் கட்சி.

பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் எடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டிக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. சாக்பீஸால் தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். நான்கு ஓரத்திலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி போட்டால் அது மலை, அங்கே நிற்கிற காயை வெட்ட முடியாது. உள்நடுவில் இருப்பது பழம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம்.

இப்போது பெண்ணிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஏன் தாயம் விழவே மாட்டேன் என்கிறது, மூன்று மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது? ஒரு கட்டைக்கு நான்கு பக்கம், இரண்டு கட்டைக்கு மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் வருவது 2 விதம்தான். மூன்று 4 விதமாக வரும்: மூன்றும் வெறுமையும், வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும். பன்னிரண்டுக்கு ஒரே ஒரு வழி. ஆறுக்கும் அப்படித்தான். அவளையே பென்சிலால் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நிகழ்தகவுப் பாடம் வரும்போது அந்தப் பிள்ளைக்குப் பயமே இருக்காது.

கட்டை இல்லையா? நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும் வரை சிமெண்டுத் தரையில் தேயுங்கள். ஒரு வெள்ளை மட்டும் மேலே தெரிந்தால் தாயம். இதில் 16-க்கு 4 வழி இருப்பதால் தாயம் சீக்கிரம் விழும், சின்னப் பையனுக்கு இதுவே நல்லது. தேய்த்த கொட்டை சரிபாதியாக விழாது. எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது என்று நூறு முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணுவதே அரை மணி நேர வேலை.

கேகே நகர்ப் பையன் | காலை 8.55

சார் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் தாயம் விளையாடுவார்கள்? மாலுக்குக் கூட்டிப் போய் ஒரு படம், ஒரு ஐஸ்கிரீம். எல்லாம் கூரைக்கு அடியில்தானே?

தாயக்கட்டை வாத்தியார் | காலை 9.05

தம்பி, போகட்டும், தப்பில்லை. ஆனால் மாலில் பிள்ளைகள் பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். கை சும்மாதான் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு டிக்கெட்டும் தீனியும் சேர்த்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்பதையும் பாருங்கள். தாயம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டீர்கள். கூட உட்கார்ந்து விளையாடப் பெரியவர் ஒருவர் இருந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துவிட்டு நாம் எழுந்து போனால்தான் பத்து நிமிடத்தில் கலையும்.

விளாங்குடி மாடிவீடு | காலை 9.30

கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரில் எழுதுகிறேன். வாத்தியார் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தாயத்தை விட்டுவிட்டு, பல்லாங்குழி இருந்தால் நான் கற்றுக்கொடுப்பேனே என்கிறார். ஊரில் இருந்த மரப்பலகை வீடு மாறும்போது போய்விட்டது. என்ன செய்யலாம்?

சிம்மக்கல் ஆச்சி | காலை 9.45

பலகை எதற்கம்மா? முட்டை வாங்கும் அட்டைத் தட்டு இருக்குமே, அதில் பக்கத்துக்கு ஏழு குழி வருகிற மாதிரி வெட்டி ஒட்டினால் முடிந்தது. இல்லையென்றால் பதினான்கு கிண்ணம். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது.

உன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி மறுபடி போடு. அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பது உனக்கு. இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் அள்ளிக்கொள்ளலாம். பசு விழுந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த கொட்டை விழுந்து ஐந்தாகிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. அதனால் எதிராளி ஆடும்போதும் கண்ணை எடுக்கக் கூடாது. ஏழு வயதுப் பையனை ஓரிடத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்கள் மாமியார் வேறு கணக்கு சொன்னால் அதன்படியே ஆடுங்கள். சில வீடுகளில் குழிக்கு ஆறு போடுவார்கள். அவர் வீட்டு வழக்கம்தான் பேரப்பிள்ளைகளுக்குப் போக வேண்டும்.

பந்தடித் தெரு | காலை 10.20

கையால் செய்கிற வேலை ஒன்றும் சொல்கிறேன். நாங்கள் சௌராஷ்டிரர்கள். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடி எங்கள் குடும்பத் தொழில். மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் சாயம் போட்டுக் காய வைப்பது நின்றுபோகும். முடிச்சுப் போடும் வேலை நிற்காது. வீட்டுப் பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே போடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

வீட்டில் வெள்ளைக் காட்டன் கைக்குட்டை இருந்தால் போதும். முதலில் நன்றாக அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாயம் ஏறாது. பென்சிலால் புள்ளி வையுங்கள். கோலம் போடத் தெரிந்த பெண்ணுக்குப் புள்ளிக் கணக்குப் பழகியதாகவே இருக்கும். ஒரு புள்ளியை விரல் நுனியால் கிள்ளித் தூக்கினால் துணி குட்டிக் கூம்பாக நிற்கும். அதன் கழுத்தில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குக் கொண்டு போகலாம். தொடக்கத்தில் முடிச்சு பெரிதாக வரும், பரவாயில்லை. சின்னவனுக்குக் கிள்ளுவது கஷ்டமாக இருந்தால் துணிக்குள் ஒரு பச்சைப்பயறு வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். கெட்டியான டீ டிக்காஷனில் போட்டு மெல்லக் கொதிக்க வைத்து, ஆறும் வரை அதிலேயே விடுங்கள். மஞ்சள் தூளும் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளிறிவிடும். அடுப்பு வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். துணி நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு. பட் பட்டென்று முடிச்சுகள் தெறிக்கும், உள்ளே வெள்ளை வெள்ளையாக வளையம் தெரியும். நடுவில் சாயம் ஏறிய ஒரு பொட்டு. அச்சுப் போட்ட சுங்குடியில் அந்தப் பொட்டும், துணியில் நிற்கும் அந்தச் சுருக்கமும் வராது. கை முடிச்சுச் சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். ஒரு கைக்குட்டை போட்டுப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தச் சேலையின் விலை ஏன் அப்படி என்று புரியும். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செல்லூர் கீழ்த்தெரு | காலை 10.50

எல்லாரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள். எங்கள் நிலைமை வேறு. விடிகாலையிலிருந்து வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். அரிசி மூட்டையையும் துணிமணியையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டோம். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் எதிர்வீட்டு மாடியில் ஒரே அறையில் இருக்கிறார்கள். விளையாட ஒரு பொருளும் கிடையாது, சாக்பீஸ் கூட இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கும் மழை விடுமுறைதான். இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல முடியுமா?

தல்லாகுளத்தான் | காலை 11.00

அண்ணே, முதலில் மெயின் சுவிட்ச். தரைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் தண்ணீரில் நின்றுகொண்டு எதையும் தொடாதீர்கள். மெயின் பெட்டி வரைக்கும் தண்ணீர் நின்றால் நீங்கள் கிட்டேயே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். சாப்பாடு ஏதாவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், மழை விட்டதும் கொண்டு வருகிறேன்.

சிம்மக்கல் ஆச்சி | காலை 11.10

பிள்ளைகள் நிறைய பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்றால் அதுதான் விளையாட்டுக்கு நல்லது ராசா. பொருளே வேண்டாம்.

ஒரு பழைய நோட்டுத் தாள் கிடைத்தால் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி மடித்துக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். போலீஸ் எடுத்தவன் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தாளும் இல்லையா, பாட்டுக்குப் பாட்டு. முடிகிற எழுத்தில் அடுத்த பாட்டு. சின்னதுகளுக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். மண் வேண்டாம், ஒரு போர்வையைக் குவித்து அதற்குள் ஒரு துணி முடிச்சை ஒளித்தால் போதும்.

விடுகதை போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பொழுது போவதே தெரியாது. ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்ட, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம்.’ விடையைச் சொல்லிவிடாதீர்கள், தேன்கூடு என்று அவர்களே வந்து சேரட்டும். பெரிய பிள்ளைகளை ஆளுக்கொரு விடுகதை புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். அறைக்குள் இருக்கிற பொருளைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

பசுமலை மழைக்குறிப்பு | காலை 11.40

மழையையே விளையாட்டாக்கலாமே என்று எழுத வந்தேன். மழை அளக்கிற வேலை.

பக்கங்கள் நேராக இருக்கும் பெரிய தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி அதே பாட்டிலில் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும், அது மூடும் வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தில் பேனாவால் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டினால் மழைமானி தயார். வானிலைத் துறை காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரைதான் ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது. நாளை அதே நேரத்தில் எடுத்து, செய்தியில் வரும் மதுரைக் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பகுதிக்குப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மொட்டை மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர் அந்த மாடியிலிருந்து இறங்குகிறது. எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு மாடித் தண்ணீரும் தெருவுக்கே வந்தால் செல்லூர் நண்பர் வீட்டுக்குள் ஏன் வருகிறது என்பதற்கு அதிலேயே பாதி விடை கிடைக்கும். மீதி, கண்மாய்க்குப் போகும் வாய்க்கால்கள் அடைபட்டது.

கேகே நகர்ப் பையன் | காலை 11.50

அண்ணே, இடி மின்னல் இருக்கும்போது மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லாதீர்கள்.

பசுமலை மழைக்குறிப்பு | காலை 11.55

சரியாகச் சொன்னீர்கள். இடி கேட்டாலே மாடிக்கு யாரும் போகக் கூடாது. பெரியவர் யாராவது முன்பே பாட்டிலை வைத்துவிட்டு வந்தால் போதும், காலையில் மழை நின்ற பிறகு பிள்ளைகள் பார்க்கட்டும்.

மேலமாசி வீதி | மதியம் 12.30

வெளியே போகும் யோசனைக்கு என் பங்கு. காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-ல் நேரு திறந்துவைத்தார். சுட்டுக்கொல்லப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் கேள்வி கேட்பாள், பதில் சொல்லத் தயாராகப் போங்கள். 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது நம் மேலமாசி வீதி வீட்டில்தான் என்பதை அங்கே நின்று சொன்னால் மனதில் தங்கும். இன்றைக்கே போங்கள். நாளை வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தையும் சொல்வேன். தூண்களை எண்ணினால் 985. பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். உள்பிராகாரம் முழுக்கக் கூரைதான். ஆனால் மழையன்று கல்தரை வழுக்கும். உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். திருமலை நாயக்கர் மகாலும் எனக்குப் பிடிக்கும், 1636-ல் கட்டியது, 248 தூண். நடுமுற்றம் திறந்தவெளி என்பதால் சாரல் அடிக்கும், சுற்றி நிற்கலாம். சத்தமாக மழை பெய்யும்போது அந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நின்று பாருங்கள், எனக்கு மதுரையில் அதைவிட அழகான இடம் இல்லை.

வண்டியூர் சமையல் | மதியம் 12.50

சாப்பாட்டை யாருமே சொல்லவில்லையே! மழைக்குப் பருத்திப்பால். ராத்திரி ஊற வைக்க வேண்டும், ஆகவே நாளைக்கு.

பருத்திக்கொட்டையை நன்றாக அலசி ஊற வைத்து, மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழியுங்கள். இரண்டாம் பாலும் எடுக்கலாம். சக்கையைப் போட்டுவிடுங்கள். பாலை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விட வேண்டும், பச்சை வாடை போகும் வரை இறக்கக் கூடாது. ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகும். கருப்பட்டியைத் தனியே காய்ச்சி வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ. பிழிகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், கை வலிக்கும் வரை பிழிவார்கள்.

ஒரு எச்சரிக்கை. விதைக்கென்று விற்கும் பருத்திக்கொட்டையை வாங்காதீர்கள், அதில் மருந்து கலந்திருக்கும். மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கென்று கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெற்றவன் திருநகர் | மதியம் 1.20

மழை ஓய்ந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இன்றைக்குத் தாயமும் பல்லாங்குழியும் ஆடிய பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டிப் போனால் பக்கம்தான். 2023 மார்ச் 5-ல் திறந்தார்கள், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே தந்தத்தில் செய்த பகடை, சுட்டமண் ஆட்டக்காய்கள், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் எல்லாம் இருக்கின்றன. புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்த பையனுக்கு அந்தச் சில்லின் தேய்ந்த விளிம்பு உடனே புரியும். வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் பிள்ளைகள் ஓட்டைத் தேய்த்துத்தான் விளையாடியிருக்கிறார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் இப்படிக் காட்டாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் அவர்களை அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

செல்லூர் கீழ்த்தெரு | மாலை 4.30

தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. தல்லாகுளத்து அண்ணன் பிரெட்டும் பாலும் கொண்டுவந்து கொடுத்தார், நன்றி. பிள்ளைகள் ராஜா ராணி ஆடினார்கள். ஆச்சி, உங்கள் விடுகதைக்கு எங்கள் தெருச் சின்னப் பெண் ஒருத்தி சொன்ன விடை குளவிக்கூடு. அதையும் சரியென்றே வைத்துவிட்டோம்.

விளாங்குடி மாடிவீடு | மாலை 6.10

எல்லாருக்கும் நன்றி. மழை விடாததால் எங்கேயும் போகவில்லை. முட்டைத் தட்டுப் பல்லாங்குழியில் மாமியார் எல்லாரையும் ஜெயித்தார். கைக்குட்டைகள் டீத் தண்ணீரில் ஊறுகின்றன. இப்போது தாயம் ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்ட் வந்தும் எழுந்திருக்கவில்லை. நூலகம் சனிக்கிழமைக்கு, கீழடி ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பெண் நாள்காட்டியில் எழுதிவிட்டாள்.

வாத்தியார் சாருக்கு ஒரு வழக்கு. பையன் ஒரு காயைக்கூட வெட்டாமல் சுற்றி முடித்து உள்கட்டத்துக்குள் போகப் பார்க்கிறான். வெட்டாமல் பழமேறக் கூடாது என்று பெண் சண்டை. எது சரி?

தாயக்கட்டை வாத்தியார் | மாலை 6.25

பெண் சொல்வதுதான் எங்கள் பக்கத்து விதியும். ஒரு காயையாவது வெட்டியிருந்தால்தான் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் வெளிக்கட்டத்திலேயே இன்னொரு சுற்று வர வேண்டும். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பு பேசிக்கொள்ளாத விதியை நடுவில் கொண்டுவரக் கூடாது. இந்த ஆட்டத்தில் பையனை உள்ளே விடுங்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து வெட்டு கட்டாயம் என்று இருவரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.